படத்தைக் காட்டிய பின் என்ன கேட்பது? மொழி வகுப்பில் படங்கள்: கேள்வி பதில்

மொழி வகுப்புகளில் படங்களைக் கொண்டு பேசவும் எழுதவும் பழக்குவது குறித்து ஆசிரியர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் நெடுங்காலம் மொழி கற்பித்தவன் என்ற முறையில் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளில் வந்தவற்றை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். படத்தைக் காட்டி "இதில் என்ன தெரிகிறது?" என்று கேட்டால், "மரம், வீடு, நாய்" என்று பெயர்களை அடுக்கிவிட்டு மாணவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கு மேல் பேச வைப்பது எப்படி?

பதில்: "என்ன தெரிகிறது?" என்ற கேள்விக்குப் பெயர்ச்சொல்லே போதுமான விடை என்பதால், மாணவர்கள் நீங்கள் கேட்டதைச் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். "என்ன நடக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள், விடையில் ஒரு வினைச்சொல் வந்தே தீரும். விடை வந்ததும் "எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்க வேண்டும், பிறகு "இன்னும் என்ன காண்கிறோம்?" என்று கேட்க வேண்டும். ஓவியக் காட்சியகங்களுக்கு வருபவர்கள் படத்தின் முன் நின்று நிதானமாகப் பார்ப்பதற்காக அபிகேல் ஹவுசன், பிலிப் யெனவைன் ஆகிய இருவரும் வகுத்த முறையில் இந்த மூன்று கேள்விகள்தாம் உள்ளன. மொழி வகுப்புக்கு இவற்றைவிடப் பொருத்தமான கேள்விகளை நான் கண்டதில்லை.

ஒருமுறை ஒரு படத்தை மாட்டினேன். பாதி திறந்த கதவு. வாசலில் நீர் சொட்டும் ஒரு குடை. அதனருகே பெரிய செருப்பு ஒரு சோடி, சிறிய செருப்பு ஒரு சோடி. ஆட்கள் யாரும் படத்தில் இல்லை. "யாரோ வந்திருக்கிறார்கள்" என்றாள் ஒரு மாணவி. எதைப் பார்த்துச் சொல்கிறாய் என்றதும், "குடையில் இன்னும் தண்ணீர் சொட்டுகிறது, அதனால் இப்போதுதான் வந்திருக்க வேண்டும்" என்றாள். "குழந்தையும் கூட வந்திருக்கிறது" என்றான் இன்னொருவன். கடைசி வரிசையில் இருந்து ஒரு குரல் மறுத்தது: "சின்னச் செருப்பு நனையவே இல்லையே! குழந்தை வீட்டுக்குள்தான் இருந்திருக்கும்." அதன் பின் இருபது நிமிடம் எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை. "வந்திருக்க வேண்டும்", "இருந்திருக்கும்" போன்ற ஊக வடிவங்களை அட்டவணை போட்டு நடத்தியபோது கொட்டாவி விட்ட அதே வகுப்பு, வாதத்தில் வெல்ல வேண்டும் என்றபோது அவற்றைத் தானாகவே கையாண்டது.

கேள்வி: எத்தகைய படங்களைத் தேர்ந்தெடுப்பது? புகைப்படமா, ஓவியமா?

பதில்: எதுவாகவும் இருக்கலாம், ஆனால் படத்தில் ஏதாவது ஒன்று முடியாமல் நிற்க வேண்டும். சூரியன் மறையும் காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும், "அழகாக இருக்கிறது" என்று சொன்ன பிறகு அதைப் பற்றிப் பேச எதுவும் மிஞ்சுவதில்லை. கூட்டம் நிறைந்த படங்கள் வேறு வகை. பீட்டர் புரூகல் 1560இல் தீட்டிய சிறுவர் விளையாட்டு ஓவியத்தில் 80க்கும் மேற்பட்ட விளையாட்டுகள் இருக்கின்றன. ஒருவர் விவரிக்க மற்றவர் தேடிக் கண்டுபிடிக்கும் பேச்சுப் பயிற்சிக்கு அது மிகவும் ஏற்றது. அதையே கொடுத்துக் கதை எழுதச் சொன்னால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மாணவர் திணறுவார். கதைக்கு இரண்டு ஆட்களும் ஒரு சிக்கலும் போதும்.

கேள்வி: என் மாணவர்கள் முற்றிலும் தொடக்க நிலையில் இருக்கிறார்கள். அவர்களிடம் சொற்களே இல்லாதபோது படம் எதற்கு உதவும்?

பதில்: சொற்களைக் கொடுப்பதற்கே உதவும். கல்வியாளர் எமிலி கால்ஹூன் விரிவாக எழுதிய ஒரு முறையைப் பின்பற்றலாம். பெரிய தாளின் நடுவில் படத்தை ஒட்டுங்கள். மாணவர்கள் ஒவ்வொரு பொருளாகச் சுட்டிக்காட்ட, அதிலிருந்து ஓரத்துக்கு ஒரு கோடு இழுத்து, அதன் பெயரை எழுத்துக்கூட்டி உரக்கச் சொல்லியபடி எழுதுங்கள். அடுத்து அச்சொற்களை அவர்களே வகைப்படுத்தட்டும். பின்னர் வாக்கியம், அதன் பிறகு பத்தி. அந்தத் தாள் சில வாரங்கள் சுவரிலேயே இருக்க வேண்டும், ஏனெனில் எழுதும்போது மாணவர் நிமிர்ந்து பார்க்கும் அகராதி அதுதான். இந்த எண்ணம் பழையது. 1658இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் அச்சான, கல்வியாளர் கொமேனியஸின் படப் பாடநூலிலேயே படத்தில் உள்ள பொருள்களுக்கு எண்ணிட்டு, அதே எண்களை லத்தீன், ஜெர்மன் சொற்களுக்கு அருகில் கொடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: அம்மா அல்லது ஐயா, எந்தப் படத்தைக் காட்டினாலும் அதே நான்கு பேர்தான் பேசுகிறார்கள். மற்றவர்கள் வாய் திறப்பதில்லை.

பதில்: ஐயாதான். எல்லோருக்கும் தெரியும் படத்தை எல்லோருக்கும் விவரிப்பதில் என்ன பயன் என்று அந்த அமைதியான மாணவர்கள் நினைப்பது நியாயமே. கேட்பவரிடம் இல்லாத ஒன்று சொல்பவரிடம் இருந்தால்தான் பேச்சுக்குத் தேவை பிறக்கும். இருவரை முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வையுங்கள். ஒருவர் கையில் படம், மற்றவர் கையில் வெற்றுத் தாளும் பென்சிலும். முதலாமவர் சொல்லச் சொல்ல இரண்டாமவர் வரைய வேண்டும். சந்தேகம் கேட்கலாம், திரும்பிப் பார்க்கக் கூடாது.

இதில் பிழை திருத்தும் வேலையையும் படமே பார்த்துக்கொள்கிறது. "மேசைக்கு மேலே விளக்கு இருக்கிறது" என்று ஒரு மாணவர் சொல்ல, கூட்டாளி கூரையிலிருந்து தொங்கும் விளக்கை வரைந்தார். மூலப் படத்திலோ விளக்கு மேசையின் மீது இருந்தது. "மேசையின் மீது" என்பதற்கும் "மேசைக்கு மேலே" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த இருவரும் இனி மறக்க மாட்டார்கள்.

கேள்வி: பேசும்போது நன்றாகப் பேசுகிறவர்கள், எழுதச் சொன்னதும் நான்கு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

பதில்: எழுதும் நேரத்தில் படத்தை எடுத்துவிடுங்கள். படம் கண் முன்னால் இருக்கும் வரை, அதுவே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது என்று எழுதுபவர் எண்ணிக்கொள்கிறார். படத்தைப் பார்த்திராத ஒருவருக்கு எழுதுவதாகச் சொன்னால், நிறமும் இடமும் நேரமும் தாமாக வரிகளுக்குள் வரும். படத்தில் இல்லாததைக் கேட்பதும் நல்ல வழி: ஐந்து நிமிடங்களுக்கு முன் அங்கே என்ன நடந்தது? படம் எடுத்தவர் எங்கே நின்றுகொண்டிருந்தார்? படத்தில் உள்ள சிறுமி படச்சட்டத்துக்கு வெளியே யாரைப் பார்க்கிறாள்?

வாக்கிய நீளத்துக்கு நான்கு படங்கள் கொண்ட தொடரைப் பயன்படுத்துங்கள். முதலில் "சிறுவன் எழுந்தான். சிறுவன் சன்னலைத் திறந்தான். சிறுவன் பறவையைப் பார்த்தான்" என்றுதான் எழுதுவார்கள். அதையே ஒரே முற்றுவினையில் முடிக்கச் சொல்லுங்கள். "எழுந்து சன்னலைத் திறந்த சிறுவன் பறவையைப் பார்த்தான்" என்று வரும்போது, வினையெச்சமும் பெயரெச்சமும் எதற்காக இருக்கின்றன என்பது விளங்கிவிடும். படங்களின் வரிசையைக் கலைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது; ஒரே படங்களுக்கு இரண்டு கதைகள் கிடைக்கும்.

கேள்வி: பெரியவர்கள் இதைக் குழந்தை விளையாட்டு என்று நினைக்கிறார்களே?

பதில்: குழந்தைப் படங்களைக் காட்டினால் அப்படித்தான் நினைப்பார்கள். வரைபடம், செய்திப் புகைப்படம், அவர்கள் கைப்பேசியில் அவர்களே எடுத்த படம் ஆகியவற்றைக் கொண்டு தொடங்குங்கள்.

கேள்வி: ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதினால் மதிப்பெண் எப்படி இடுவது?

பதில்: படத்தோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். சொன்ன ஊகத்துக்குப் படத்திலிருந்து காரணம் காட்டியிருக்கிறாரா, வாக்கியங்கள் ஒன்றையொன்று தொடர்கின்றனவா என்று பாருங்கள். எழுத்துப் பிழைக்கு முதல் வரைவில் மதிப்பெண் குறைப்பதை நான் ஏற்பதில்லை.

கேள்வி: என் வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் இருக்கிறார். படப் பயிற்சி வந்தால் ஒதுங்கிவிடுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: அவரைக் கேள்வி கேட்பவராக அமர்த்துங்கள். மற்றவர்கள் அவருக்குப் படத்தை விவரிக்க வேண்டும். தெளிவில்லாத இடத்தில் எல்லாம் அவர் குறுக்கிட்டுக் கேட்கலாம். ஆனால் எப்போதும் கேட்பவராகவே அவரை வைத்துவிடக் கூடாது. தாம் கேட்டறிந்த காட்சியை அவர் எழுதட்டும், அல்லது ஓர் ஒலிப்பதிவையோ கையால் தடவி அறியும் பொருளையோ அவர் விவரிக்க, மற்றவர்கள் வரையட்டும். திரையில் உள்ளதைப் பார்வையற்றோருக்கு உரக்கப் படிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் படித்துக்காட்டுவதற்காக இணையப் படங்களுக்கு எழுதப்படும் மாற்று உரையையும் பயிற்சியாகக் கொடுக்கலாம்: ஒரு படம், இரண்டே வாக்கியங்கள். எழுதியவற்றை அந்த மாணவரிடமே வாசித்துக் காட்டி, எந்த உரையில் காட்சி தெளிவாக வந்திருக்கிறது என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.