கேளுங்கள், சொல்கிறோம்: வீடியோ காலில் மனநல ஆலோசனை

இயங்கலை வழி ஆலோசனை பற்றி மலேசிய வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் ஆலோசகர் குழு பதிலளிக்கிறது.

பிபிஆர் (அரசின் மலிவு விலை) அடுக்குமாடியில் மாமியார், நாத்தனாரோடு குடியிருக்கிறோம். வீடியோ காலில் ஆலோசகரிடம் பேசச் சொல்கிறார் கணவர். நான் பேசப்போவதே மாமியாரைப் பற்றித்தான். அவர் காதில் விழாமல் எப்படிப் பேசுவது? (வாசகி, செந்தூல்)

வீட்டுக்குள்தான் பேச வேண்டும் என்று கட்டாயமில்லையே. கீழே நிறுத்தியிருக்கும் காரில் உட்கார்ந்து பேசுங்கள். நிழலில் நிறுத்தி, கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வையுங்கள். மூடிய கார் நிறுத்துமிடத்தில் ஏர்கோனுக்காக எஞ்சினை ஓடவிட வேண்டாம், புகை ஆபத்து. அங்கே லைன் கிடைக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். இன்னொன்று, காரின் புளூடூத்தை அணைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் அழைப்பு தானாகக் கார் ஸ்பீக்கருக்குத் தாவி, ஆலோசகரின் குரல் பக்கத்து வண்டிக்காரர் வரை கேட்கும்.

கார் இல்லையென்றால் அறைக்கதவைச் சாத்திவிட்டு, மின்விசிறியையோ வானொலியையோ கதவுக்கு வெளியே ஓடவிடுங்கள். பலர் உள்ளே ஓடவிடுகிறார்கள். அதனால் ஆலோசகருக்குத்தான் உங்கள் பேச்சு கேட்காமல் போகும். சத்தம் ஒட்டுக்கேட்பவர் பக்கம் இருக்க வேண்டும். இயர்போன் ஆலோசகரின் குரலை மட்டுமே மறைக்கும், உங்கள் குரலை மறைக்காது. அதனால் பெயர்களையும் உறவுமுறைகளையும் சாட்டில் தட்டிவிடுங்கள். "அத்தை" என்ற சொல் எத்தனை சுவர் தாண்டியும் உரியவர் காதில் விழுந்துவிடும்!

யாராவது உள்ளே வந்தால் சொல்ல ஒரு வாசகத்தை முன்பே பேசி வையுங்கள். "சமையல் கேஸ் முடிஞ்சிருச்சு" என்றால் ஆலோசகர் பேச்சை மாற்றிவிடுவார். லைன் அறுந்தால் யார் யாரை அழைப்பது என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் "இப்போது எங்கே இருக்கிறீர்கள், அவசரத்துக்கு யாரை அழைக்கலாம்" என்று கேட்பார். உங்களுக்கு ஏதாவது ஆனால் உதவியை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று அவருக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான். கேட்காத ஆலோசகரைப் பற்றித்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

மகனுக்கு 5 வயது. கைப்பேசியைப் பிடுங்கினால் தரையில் புரண்டு அழுகிறான், கையில் கிடைப்பதை எறிகிறான். நானும் கணவரும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பாட்டிதான் பார்த்துக்கொள்கிறார். இந்த வயதுப் பிள்ளை திரையில் ஆலோசகரிடம் பேசுவானா? (வாசகி, பட்டர்வொர்த்)

பேசமாட்டான், பேசவும் வேண்டாம். இந்த வயதில் பயிற்சி பெற்றோருக்குத்தான். நல்ல பலன் தரும் முறை ஒன்று உண்டு. நீங்கள் மகனோடு விளையாடுவீர்கள், கைப்பேசி ஓரமாக நின்று படம் பிடிக்கும், ஆலோசகர் உங்கள் காதில் இருக்கும் இயர்போன் வழியாக அந்த நேரத்திலேயே சொல்லிக் கொடுப்பார். 2 வயது முதல் 7 வயது வரையிலான பிள்ளைகளுக்காக உருவான முறை இது. கிளினிக்கைவிட வீட்டில் செய்வதில் ஒரு வசதியும் உண்டு. பிள்ளை வழக்கமாக அடம்பிடிக்கும் அதே இடத்தில், அதே பொம்மைகளோடு பயிற்சி நடக்கும்.

வீட்டுப்பாடம் நாளுக்கு 5 நிமிடம். கட்டைகள், லெகோ, கிரேயான் போதும். வெற்றி தோல்வி உள்ள விளையாட்டும் பொம்மைத் துப்பாக்கியும் வேண்டாம். அந்த 5 நிமிடமும் அவன்தான் தலைவன். கேள்வி, கட்டளை, குறை மூன்றும் கிடையாது. "இது என்ன கலர்?" என்று சோதிக்காதீர்கள். அவன் "லாரி போகுது" என்றால் "ஆமா, லாரி வேகமா போகுது" என்று திருப்பிச் சொல்லுங்கள். பாராட்டும்போது வெறும் "குட் பாய்" போதாது. "கட்டையைப் பெட்டியில எடுத்து வெச்சியே, ரொம்ப நல்லது" என்று செய்ததைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். கேட்பதற்கு எளிது; செய்துபார்த்தால்தான் நாம் வாய்திறந்தாலே கேள்வியும் அதட்டலுமாக வருவது தெரியும்.

இது பழகிய பிறகுதான் கட்டளைப் பாடம். "கொஞ்சம் ஒழுங்கா இருக்கியா?" என்று கேட்டால் அவன் இல்லை என்பான், அவ்வளவுதான். "தட்டை மேசை மேல வை" என்று ஒன்றே ஒன்றைச் சொல்லி, மனதுக்குள் 5 எண்ணும்வரை வாய்திறக்காமல் இருங்கள். அதற்குள் நான்கு தடவை திரும்பச் சொன்னால் நான்காவது தடவைதான் கேட்கவேண்டும் என்று பழகிக்கொள்வான்.

சறுக்குவது எங்கே என்றால், அழுகைக்குக் கைப்பேசி கிடைக்காது என்று ஆன முதல் நாட்களில் அழுகை குறையாது, கூடும். பத்து நிமிடம் அழுதவன் அரைமணி அழுவான். பழைய வழி இன்னும் வேலை செய்கிறதா என்று சோதிக்கிறான். அந்த நேரத்தில் பாட்டி மனமிளகிக் கொடுத்துவிட்டால், அரைமணி அழுதால் கிடைக்கும் என்ற புதுப்பாடம் படித்துவிடுவான். தொடங்காமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும். அதனால் முதல் அமர்விலேயே பாட்டியையும் உட்காரவையுங்கள். குற்றவாளிபோல் அல்ல, பகலெல்லாம் பிள்ளையை வளர்ப்பவர் அவர்தான். அவருக்குத் தமிழ்தான் வசதியென்றால் தமிழ் பேசும் ஆலோசகராகக் கேட்டு வாங்குங்கள்.

பினாங்குப் பாலத்தில் மோட்டார் விபத்தில் சிக்கி மூன்று மாதமாகிறது. காயம் ஆறிவிட்டது. ஆனால் தூக்கத்தில் பிரேக் சத்தம் கேட்டு எழுந்துவிடுகிறேன், பாலம் பக்கமே போவதில்லை. திரையில் அதையெல்லாம் மறுபடி சொல்வது நல்லதா? (வாசகர், பிறை)

விபத்துக்குப் பின் முதல் சில வாரம் இப்படி இருப்பது இயல்பு. பலருக்குத் தானாகவே அடங்கும். ஒரு மாதம் தாண்டியும் தொடர்ந்தால் சிகிச்சை தேவை, உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. அதிர்ச்சிக்கான சிந்தனை-நடத்தை சிகிச்சை பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள். வீடியோவிலும் செய்யலாம்.

முதல் நாளே "நடந்ததை முழுசாகச் சொல்லுங்கள்" என்று கேட்பவரிடம் போகாதீர்கள். முதலில் மூச்சையும் உடலையும் அமைதிப்படுத்தும் பயிற்சி, பிறகு படிப்படியாகச் சம்பவம், அதன்பின் பாலத்தை நெருங்குவது என்பதுதான் ஒழுங்கு. அமர்வின் கடைசிப் பத்து நிமிடம் சம்பவப் பேச்சை நிறுத்திவிட்டு, உங்களை இன்றைய நாளுக்குக் கொண்டுவர வேண்டும். முடிந்த கையோடு மோட்டாரை எடுக்காதீர்கள். உணவு இடைவேளையில் அமர்வு வைத்துவிட்டு உடனே மெஷின் முன் போய் நிற்பதும் வேண்டாம்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த அமர்வுக்குக் காத்திருக்காதீர்கள். மனம் விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பின் எண் 03-7627 2929, 24 மணிநேரமும் எடுப்பார்கள். சொன்னால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்று அஞ்ச வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2023-இல் நீக்கிவிட்டது.

கணவர் கை நீட்டுகிறார். இருவரும் சேர்ந்து ஆன்லைன் கவுன்சலிங் எடுத்தால் திருந்துவாரா? (பெயர் வேண்டாம், கெப்போங்)

சேர்ந்து எடுக்காதீர்கள், அம்மா. ஆலோசகர் முன் நீங்கள் உண்மையைச் சொன்னால், திரை அணைந்ததும் அதற்கான அடி அதே அறையில் விழும். தனியாகப் பேசுங்கள், அவர் கைக்குப் போகாத கைப்பேசியில். அரசின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே 15999-ஐ அழைக்கலாம், அடி விழும் நேரமென்றால் 999. சமூகநல இலாகா அதிகாரி அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம். அதற்குப் போலீஸ் புகார் தேவையில்லை. 7 நாள் செல்லும். அதற்குள் நீதிமன்ற ஆணைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

பேஸ்புக்கில் விளம்பரம் செய்பவர்களில் உண்மையான ஆலோசகர் யார் என்று எப்படித் தெரியும்? (வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்)

1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, ஆலோசகர் வாரியத்தில் பதியாதவர் தம்மை ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. கேபி (KB) என்று தொடங்கும் பதிவு எண்ணையும், நடப்பில் உள்ள தொழில் சான்றிதழையும் கேளுங்கள். சான்றிதழ் காலாவதியாகும், எண் இருந்தால் மட்டும் போதாது. மருத்துவ உளவியலாளர் என்றால் 2016-ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தின்கீழ் பதிவு. 'லைஃப் கோச்' இரண்டிலும் சேர்த்தி இல்லை.

ரசீதில் அந்தப் பதிவு எண் இருக்கட்டும். வருமான வரிக் கணக்கில் மனநல ஆலோசனைச் செலவுக்கு ஆண்டுக்கு 1,000 ரிங்கிட் வரை கழிவு கேட்கலாம். முழு உடல் பரிசோதனைச் செலவும் அதே 1,000-க்குள்தான் அடங்கும்.