"ஏலாது சேர்" என்று நிற்கும் பிள்ளை: ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

(மட்டக்களப்பில் பல வருடம் படிப்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் பதில் தருகிறார்.)

களுவாஞ்சிக்குடி: தரம் 9 பொடியன் ஒருவன், கொப்பியை எடு என்றால் "ஏலாது" என்கிறான். வகுப்பே சிரிக்கிறது. கத்தினால் இன்னும் மோசம்.

டீச்சர், அந்த "ஏலாது" உங்களுக்குச் சொன்னதில்லை, கடைசி வாங்கில் இருக்கும் கூட்டாளிமாருக்குச் சொன்னது. அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்க 14 வயதுப் பொடியன் இறங்கி வரமாட்டான். நீங்களும் வரமாட்டீர்கள். முதலில் வேடிக்கை பார்க்க ஆளில்லாமல் செய்யுங்கள். கரும்பலகையில் ஒரு வேலையை எழுதிவிடுங்கள். எல்லாத் தலையும் குனிந்த பிறகு அவனுக்குப் பக்கவாட்டில் போய் நின்று, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "முதல் ரெண்டையும் செய், பிறகு வாறன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். நகர்வதில்தான் விஷயமே இருக்கிறது. நீங்கள் நிற்கும்போது கொப்பியை எடுத்தால் அவன் தோற்றவன். போன பிறகு எடுத்தால் தானாக எடுத்தவன். முணுமுணுப்பான். உங்களுக்குக் காது கேட்கவில்லை, சரியா? எடுத்துவிட்டால் எல்லோர் முன்னாலும் புகழ வேண்டாம், அதுவும் அவனுக்கு வெட்கம்தான்.

அக்கரைப்பற்று: "கண்ணை மட்டும் விட்டுட்டு அடியுங்க சேர்" என்று தகப்பனே சொல்கிறார்.

கல்வி அமைச்சின் 2005/17, 12/2016 சுற்றுநிருபங்கள் அடிக்கக் கூடாது என்கின்றன. நாளைக்குப் பிரச்சினை வந்தால் தகப்பனின் பேச்சு உங்களைக் காப்பாற்றாது. நானும் தொடக்கத்தில் பிரம்பு எடுத்தவன்தான். அடி வாங்கினவன் இடைவேளையில் தழும்பைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தான்.

வாகரை: அமைதியாக இருந்த பிள்ளை ஒரு மாதமாக எரிந்து விழுகிறாள்.

இது குழப்படி இல்லை. வீட்டில் என்ன மாறியது என்று பாருங்கள். தாய் வெளிநாட்டு வேலைக்குப் போய், பிள்ளை அம்மம்மாவோடு இருக்கிறாளோ தெரியாது. "ஏன் இப்படிச் செய்கிறாய்?" என்ற கேள்விக்கு அவளிடமே பதில் இராது. "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று தொடங்குங்கள். துன்புறுத்தல் என்று சந்தேகம் வந்தால் நீங்களே துப்பறியப் போகாதீர்கள். அதிபரிடமும் ஆலோசனை ஆசிரியரிடமும் சொல்லுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

திருக்கோவில்: கடைசிப் பாடவேளையில் முழு வகுப்பும் சந்தைதான்.

வெயிலும் பசியும். அந்த நேரத்தில் விளக்கம் சொல்லாமல் எழுதுகிற வேலை கொடுங்கள்.

வாழைச்சேனை: ஒருவன் கதிரையைத் தூக்கிவிட்டான். என்ன செய்திருக்க வேண்டும்?

அவனைப் பிடிக்கவும் கூடாது, வாசலை மறிக்கவும் கூடாது. மற்றப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, ஒருவரை அதிபரிடம் ஓடவிடுங்கள். தூர நின்று, குறைவாகப் பேசுங்கள். அவன் ஆறும்வரை "மன்னிப்புக் கேள்" என்று நிற்பது எரிகிற அடுப்பில் விறகு வைக்கிற வேலை. விசாரணை அடுத்த நாள் இருக்கட்டும்.

மீண்டும் களுவாஞ்சிக்குடி: நகர்ந்து போயும் அவன் கொப்பியை எடுக்காவிட்டால்?

"இப்ப செய்றியா, இடைவேளையில என்னோட இருந்து செய்றியா? நீயே சொல்லு." அதோடு விடுங்கள். ஆனால் இடைவேளைக்கு நீங்கள் கட்டாயம் அங்கே இருக்க வேண்டும், டீச்சர். தேத்தண்ணி குடிக்கப் போய்விடாதீர்கள்.