ஃபார்மல் ஸ்பெசிஃபிகேஷன் வேலையில் பயன்படுமா?

பொருள்நோக்கு (ஆப்ஜெக்ட் ஓரியண்டட்) மென்பொருளை வடிவமைக்கும்போது ஃபார்மல் ஸ்பெசிஃபிகேஷன், அதாவது மென்பொருள் எப்படி நடக்க வேண்டும் என்பதைக் கணித மொழியில், எழுதுவதால் உண்மையில் பயன் உண்டா, அது பாடத்திட்டத்தோடு சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரியில் அதற்காகக் கற்றுத்தரும் இசட் (Z) குறியீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர் என்று நினைக்கிறேன். நானும் அதன் விதிகளை எழுதும் ஸ்கீமா பெட்டிகளை வரைந்து மதிப்பெண் வாங்கியவன்தான். எதற்காக வரைகிறோம் என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் தீராததால்தான் இந்தப் பதில்.

சில ஆண்டுகளுக்கு முன் பஸ் முன்பதிவு மென்பொருள் ஒன்றை வடிவமைத்தோம். பயணம், வண்டி, முன்பதிவு என்று மூன்று முக்கிய கிளாஸ்கள், அதாவது தரவையும் அதன் செயல்களையும் சேர்த்துக் கட்டிய அலகுகள். சென்னையிலிருந்து திருச்சி வரை ஒருவருக்கு விற்ற இருக்கையைத் திருச்சியிலிருந்து மதுரைக்கு இன்னொருவருக்கு விற்கலாம். ஆனால் பாதையின் ஒரே பகுதிக்கு ஒரே இருக்கையை இருவருக்கு விற்கவே கூடாது. இதுதான் மாறாத விதி. ஒவ்வொரு கிளாஸுக்கும் டெஸ்ட் இருந்தது, எல்லாம் தேறியும் இருந்தது.

எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. எம்ஐடியில் டேனியல் ஜாக்சன் குழுவினர் உருவாக்கிய அலாய் என்ற ஸ்பெசிஃபிகேஷன் மொழியில் அந்த மூன்று கிளாஸ்களையும் விதியையும் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். அறுபது வரிகூட வராது. ஓட்டிய சில நொடிகளில் விதி உடையும் ஓர் எதிர் உதாரணம் வந்து நின்றது: மூன்று ஊர்கள், மூன்று இருக்கைகள், இரண்டே முன்பதிவுகள். வண்டி பழுதாகி, இருக்கை குறைந்த வேறு வண்டி வருகிறது. சென்னையிலிருந்து மதுரை வரை போகும் பயணி இடமிழக்கிறார். அவருக்குப் பயணம் என்ற கிளாஸ் காலி இருக்கை தேடுகிறது. சென்னையில் காலியாக இருப்பதைப் பார்த்து ஒன்றைக் கொடுத்துவிடுகிறது. அதே இருக்கை திருச்சியிலிருந்து இன்னொருவருக்கு ஏற்கெனவே விற்கப்பட்டிருக்கிறது.

எங்கள் டெஸ்ட்களில் இது ஏன் சிக்கவில்லை? அந்த விதி எந்த ஒரு கிளாஸுக்கும் சொந்தமானதல்ல. முன்பதிவு தன்னை உருவாக்கும்போது மட்டும் விதியைச் சரிபார்த்தது. வண்டி மாற்றும் செயல் அந்தக் காவலைத் தொடாமலே இருக்கை எண்ணை மாற்றியது. ஆப்ஜெக்ட்களாகப் பிரித்து வடிவமைக்கும்போது, பலவற்றுக்குப் பொதுவான விதி இப்படித்தான் அநாதையாகிறது. அதை எழுதி வைக்க, வடிவமைப்பை வரைந்து காட்டும் யுஎம்எல் படத்தின் பெட்டிகளும் அம்புகளும் போதாது. 1997இல் யுஎம்எல்லோடு ஓசிஎல் என்ற விதிமொழியைச் சேர்த்ததே அதனால்தான்.

"சிறிய மாதிரியில் பிழை இல்லை என்பது நிரூபணமா?" என்று சிலர் கேட்பார்கள். இல்லைதான். நாம் சொன்ன எல்லைக்குள் இருக்கும் வாய்ப்புகளை மட்டுமே அலாய் அலசுகிறது. 1998இல் திறந்த பாரிஸ் மெட்ரோவின் ஓட்டுநரில்லாத 14ஆம் தடத்தில், பாதுகாப்பு மென்பொருளை பி (B) என்ற ஃபார்மல் முறையில் கணித நிரூபணத்தோடு எழுதினார்கள். டிக்கெட் விற்கும் மென்பொருளுக்கு அவ்வளவும் வேண்டும் என்று நான் எங்கும் சொல்லவில்லை. முழு மென்பொருளுக்கும் எழுதுங்கள் என்றும் சொல்லவில்லை.

இப்படி விதியாக யோசிப்பதை வேலையிடத்தில் எல்லோரும் மதிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நேர்காணல் குழுவில் நானும் இருந்தேன். ஒரு கிளாஸிலிருந்து இன்னொரு கிளாஸை வருவிப்பது பற்றிய லிஸ்கோவ் கொள்கை என்ன என்ற கேள்விக்கு ஒரு பெண், பிள்ளை கிளாஸ் தாய் கிளாஸைவிட அதிகமாக நிபந்தனை கேட்கக் கூடாது, குறைவாக வாக்குறுதி தரக் கூடாது என்று தெளிவாக விளக்கினார். பார்பரா லிஸ்கோவும் ஜெனட் விங்கும் 1994இல் எழுதிய கட்டுரையின் சாரமே அது. எதிர்பார்த்த மனப்பாட வாக்கியம் வரவில்லை என்று மற்றவர்கள் அவரை நிராகரித்தார்கள். நான் வாதாடியும் எடுபடவில்லை. இன்றும் எனக்கு ஆறவில்லை.

நீங்கள் கையில் வைத்திருக்கும் வடிவமைப்பை எடுங்கள். இரண்டு கிளாஸ்களின் பெயரைச் சொல்லாமல் சொல்லவே முடியாத விதி ஏதாவது அதில் இருக்கும். அந்த ஒன்றை மட்டும் அலாயில் எழுதி ஓட்டிப் பாருங்கள்.