திருடிவிட்டாய் என்கிறார், குளிக்க மறுக்கிறார், கை ஓங்குகிறார்: டிமென்ஷியா உள்ளவரை வீட்டில் சமாளிப்பது எப்படி?

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது. மூன்று வருடங்களுக்கு முன் அல்சைமர் என்று சொன்னார்கள். சில மாதங்களாக அவருடைய பணப்பையை நான் திருடிவிட்டேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். குளிக்கக் கூப்பிட்டால் சண்டை, போன வாரம் அடித்தே விட்டார். சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று பையோடு வாசலில் நிற்கிறார், இருப்பது அவருடைய வீடுதான். எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் ஏறவில்லை. எனக்கு ராத்திரித் தூக்கமே போய்விட்டது. அவர் அமைதியாக இருக்க ஏதாவது மாத்திரை உண்டா?

பதில்: மாத்திரை இருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது வேலை செய்யாது, மீதிக்கும் கடைசியாகத்தான் வர வேண்டும். அதனால் அதைக் கடைசியில் பேசுவோம்.

முதலில் நான் கேட்பது, அவர் அடித்தது போன வாரம்தான் முதல் தடவையா? டிமென்ஷியா, அதாவது மறதி நோய் (அல்சைமர் அதில் ஒரு வகை), மெதுவாக நகரும் நோய், மாதக்கணக்கில் வருடக்கணக்கில் மாறும். இரண்டு மூன்று நாளில் ஆளே மாறிவிட்டார் என்றால் அது பெரும்பாலும் டிமென்ஷியா முற்றியதால் இல்லை, உடம்பில் வேறு ஏதோ நடக்கிறது. உடம்புக் கோளாறால் இப்படித் திடீரென்று வரும் குழப்பத்தை டிலிரியம் என்போம். சிறுநீர்த் தொற்று, நெஞ்சில் தொற்று, நாள்கணக்கில் மலச்சிக்கல், சிறுநீர் அடைத்துக்கொள்வது, தண்ணீர் குறைவாகக் குடிப்பது, ரத்தத்தில் சோடியமோ சர்க்கரையோ இறங்குவது, புதிதாகச் சேர்த்த மருந்து, எதுவும் காரணமாக இருக்கலாம். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் ஜுரம் வராமல் போகும், எனவே ஜுரம் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். டிலிரியம் என்றால் கத்திக்கொண்டே இருப்பார் என்றும் இல்லை. திடீரென்று மந்தமாகி எந்நேரமும் தூங்கி வழிவதும் அதுதான், "அப்பாடா, அமைதியாயிட்டாங்க" என்று வீட்டில் தவறவிடுவதும் அதைத்தான். திடீர் மாற்றம் என்றால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், இதன் மீதியை அப்புறம் படிக்கலாம்.

அப்படியே வீட்டில் அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், சளிக்கு என்று கடையில் கேட்டு வாங்கியதும் சேர்த்து. குளோர்பெனிரமைன், டைபென்ஹைட்ரமைன் போன்ற பழைய அலர்ஜி மருந்துகள், சிறுநீர் கசிவுக்குத் தரும் ஆக்சிபியூட்டினின், தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ தரும் அமிட்ரிப்டிலின், கை நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில் எல்லாம் மூளையில் நினைவுக்கு உதவும் அசிடைல்கோலின் என்ற ரசாயனம் வேலை செய்வதைத் தடுப்பவை. அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் அதே அசிடைல்கோலினைக் கூட்டப் பார்க்கிறது. ஒரு மாத்திரை ஏற்றுவதை இன்னொன்று இறக்கிக்கொண்டிருக்கும், நடுவில் அவருக்குக் குழப்பம்தான் மிச்சம். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், ஆனால் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

அடுத்தது வலி. இது அநியாயத்துக்குக் கவனிக்கப்படாமல் போகும் விஷயம் என்பது என் அபிப்பிராயம். பல் வலி, மூட்டு வலி, தோள்பட்டை இறுகியிருப்பது, இதையெல்லாம் "வலிக்குது" என்று சொல்ல அவருக்கு வார்த்தை வராமல் போகலாம், சொல்ல முடியாதது கோபமாக வரும். நார்வேயில் முதியோர் இல்லங்களில் டிமென்ஷியாவோடு இருந்த, அமைதியிழந்து தொல்லைப்பட்ட 352 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு 8 வாரம் படிப்படியாக வலிக்குச் சிகிச்சை தந்தார்கள், பெரும்பாலோருக்குத் தந்தது சாதாரண பாராசிட்டமால்தான். அவர்களுடைய படபடப்பும் ஆக்ரோஷமும் நன்றாகவே குறைந்தன. கையைத் தூக்கினால் முகம் சுளிக்கிறாரா, எழுப்பும்போது முனகுகிறாரா, ஒரு பக்கத்தைத் தொட்டால் மட்டும் தட்டிவிடுகிறாரா என்று பாருங்கள். குளிக்க வைக்கும்போது மட்டும் அடிக்கிறார் என்றால் தோள்பட்டையைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

இதெல்லாம் பார்த்தாயிற்று, உடம்பில் புதிதாக ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். எடுத்துச் சொன்னால் ஏறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஏறாது. நினைவு போவதோடு சேர்ந்து, தனக்கு நினைவு போகிறது என்று தெரிவதும் பலருக்குப் போய்விடுகிறது. அவரைப் பொறுத்தவரை அவர் சரியாக இருக்கிறார், சுற்றி இருப்பவர்கள்தான் பொருளை எடுக்கிறார்கள், பொய் சொல்கிறார்கள், துணியைப் பிடித்து இழுக்கிறார்கள். அவரை மாற்ற முடியாது, நம் பேச்சையும் அறையையும் நேரத்தையும் மாற்றலாம்.

திருட்டுப் பழி புதிதல்ல. அல்சைமர் என்ற பெயருக்குக் காரணமான முதல் நோயாளி அவுகுஸ்டே டெட்டர், 1901இல் 51 வயதில் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். டாக்டர் அலோயிஸ் அல்சைமர் 1906இல் அவரைப் பற்றி மற்ற மருத்துவர்களிடம் விவரித்தபோது, முதலில் தெரிந்த அறிகுறி என்று சொன்னது மறதியை அல்ல, கணவர் மீது வந்த சந்தேகத்தை. பொருட்களை எடுத்துப் போய் ஒளித்து வைத்ததும் அவருடைய குறிப்பில் இருக்கிறது. ஆக உங்கள் மாமியார் மனதில் இத்தனை நாள் இருந்ததுதான் இப்போது வெளியே வருகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று எங்கோ வைக்கிறார், வைத்தது மறந்துவிடுகிறது, வைத்த இடத்தில் இல்லையே என்ற பயம் மட்டும் நிற்கிறது. யாரோ எடுத்திருக்க வேண்டும், யார் எப்போதும் பக்கத்தில் இருக்கிறார்கள்? நீங்கள். அதிகமாகப் பார்த்துக்கொள்பவர் மீதுதான் அதிகம் பழி விழும், கொடுமைதான், ஆனால் கணக்கு அப்படி.

"நான் எடுக்கலை" என்று ஆரம்பிக்காதீர்கள், அந்த நிமிடமே அது வழக்காகிவிடும். "பணப்பை காணோமா அத்தை? மனசு பதறத்தான் செய்யும். வாங்க, சேர்ந்து தேடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் கண்டுபிடித்து நீட்டினால் "நீ ஒளிச்சு வெச்சதைத்தானே எடுத்துத் தர்றே" என்பார். அதனால் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவரை அழைத்துப் போய் அவரே எடுக்கும்படி விடுங்கள். ஒளிக்கும் இடங்கள் ஒருவருக்குப் பெரும்பாலும் ஐந்தாறுதான், தலையணை உறை, துணி மடிப்பு, செருப்புக்குள் என்று. குப்பைத் தொட்டியைக் கொட்டுவதற்கு முன் ஒருமுறை பார்ப்பதும் நல்லது. அதே மாதிரி இன்னொரு பணப்பை வாங்கிக் கொஞ்சம் சில்லறை போட்டு வையுங்கள். உறவினர்களிடம் "அம்மாவுக்கு நோய் இது, இப்படிச் சொல்வாங்க" என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது உங்கள் கணவரின் வேலை, நீங்கள் சொன்னால் சாக்கு மாதிரி கேட்கும். ஒரு எச்சரிக்கையும் உண்டு: இவர் எப்போதும் இப்படித்தான் சொல்வார் என்று தெரிந்தே உண்மையில் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், ஒரு தடவையாவது சரிபார்த்துவிடுங்கள்.

குளியலுக்கு வருவோம், அடி விழும் இடம் பெரும்பாலும் இதுதான். அவர் பக்கம் நின்று பாருங்கள். ஏற்கெனவே குளித்துவிட்டதாக நினைக்கிறார். யார் என்று சட்டென்று புரியாத ஒருத்தி வந்து துணியைக் கழற்றுகிறாள், குளிர்கிறது, தலையில் திடீரென்று தண்ணீர் விழுகிறது, ஈரத்தில் பளபளக்கும் தரை பள்ளம் மாதிரி தெரிகிறது. யாராக இருந்தாலும் தள்ளிவிடத்தான் செய்வார்கள்.

தினமும் குளித்தே ஆக வேண்டும் என்று மருத்துவம் சொல்லவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை குளியல், மற்ற நாளில் முகம், அக்குள், இடுப்புக்குக் கீழே துடைத்து விடுவது, தோல் நன்றாக இருக்க இது போதும். இதைச் சொன்னதுமே பாதி வீடுகளில் சண்டை பாதியாகக் குறைகிறது. குளிக்க வைக்கும் நாளில் சோப்பு, துண்டு, மாற்றுத்துணி எல்லாம் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள், கதவைத் திறந்து வைத்துவிட்டுத் துண்டு தேடிப் போவதற்குள் அவர் மனம் மாறிவிடும். "குளிக்கலாமா?" என்று கேட்டால் பதில் "வேண்டாம்"தான். "தண்ணி சூடா இருக்கு, வாங்க, காலை மட்டும் நனைப்போம்" என்று கூப்பிடுங்கள். காலில் தொடங்கி மேலே வாருங்கள், தலை கடைசியில், அல்லது தலைக்கு வேறொரு நாள். தோளிலும் மடியிலும் துண்டு போர்த்தியிருக்கட்டும், கழுவும் இடத்தை மட்டும் விலக்கினால் போதும். ஒரு மக்கையோ சின்னத் துணியையோ அவர் கையில் கொடுங்கள், கைக்கு வேலை இருந்தால் அடிப்பது குறையும். எதுவும் நடக்கவில்லை என்றால் படுக்கையிலேயே துண்டுக் குளியல்: வெதுவெதுப்பான தண்ணீரில் அலசத் தேவையில்லாத சோப்பைக் கலந்து, பெரிய துண்டை நனைத்துப் பிழிந்து உடம்பைப் போர்த்தி, அதன் மேலேயே மெதுவாகத் தேய்த்து எடுப்பது. அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில் இந்த முறையிலும், அவரவர் விருப்பம் பார்த்து நிதானமாகக் குளிக்க வைத்ததிலும் அடிதடி கணிசமாகக் குறைந்தது.

கை ஓங்கிவிட்டாரா, ஒரு கை தூரம் பின்னால் போங்கள். மணிக்கட்டைப் பிடிக்க வேண்டாம், பிடித்தால் இன்னும் மூர்க்கமாவார். பின்னாலிருந்து தொடக்கூடாது, மூலையில் நிறுத்தக்கூடாது, இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசக்கூடாது. "சரி, வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அரை மணி கழித்து மறுபடி போனால் பல நேரம் சண்டை நடந்ததே நினைவிருக்காது. கையில் ஆபத்தான பொருள் இருந்தால் சமாதானம் பேசாமல் வெளியே வந்து உதவிக்குக் கூப்பிடுங்கள்.

சாயங்காலத்துத் தவிப்பு இந்த நோயில் மிகவும் சகஜம். உடம்புக்குள் நேரத்தைக் காட்டும் கடிகாரம் மூளையில் இருக்கிறது, நோய் அதையும் கெடுக்கிறது. அதோடு நாள் முழுக்கச் சேர்ந்த களைப்பு, இருட்டத் தொடங்கும்போது நீளும் நிழல்கள், எல்லோரும் வீடு திரும்பும் சத்தம். இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டு ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள், காலையில் வெளிச்சத்தில் நடக்க விடுங்கள், பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம், மதியத்துக்கு மேல் காபி டீ வேண்டாம். "வீட்டுக்குப் போகணும்" என்பவரிடம் "இதுதானே உங்க வீடு" என்றால் பயம் கூடும். அவர் தேடுவது சின்ன வயதில் இருந்த வீடாக இருக்கலாம், அல்லது வெறும் பசியாக, கழிப்பறைக்குப் போக வேண்டிய அவசரமாகக்கூட இருக்கலாம், முதலில் அதைக் கேளுங்கள். அப்புறம் "அங்க யாரெல்லாம் இருக்காங்க?" என்று பேச்சு கொடுங்கள், கூடவே வெளியே நடந்து ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வாருங்கள். பொய் சொல்லலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கதை கட்டுவதற்கு முன் அந்தத் தவிப்புக்குப் பதில் சொல்லிப் பாருங்கள் என்பேன், அது போதாதபோது "நாளைக்குப் போகலாம்" என்பதில் தப்பில்லை. இறந்துபோனவரைத் தேடினால் இறந்த செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள், ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதுச் சாவு.

வாசல் வரை வருகிறவர் ஒருநாள் வாசலைத் தாண்டுவார். தொலைபேசி எண்ணைத் துணியிலோ கைவளையத்திலோ பதித்து வையுங்கள், சமீபத்திய புகைப்படம் ஒன்று கைபேசியில் இருக்கட்டும், தாழ்ப்பாளைக் கண் மட்டத்துக்கு மேலே மாற்றுங்கள். தனியாக உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவது மட்டும் கூடவே கூடாது. காணவில்லை என்றால் பக்கத்தில் 15 நிமிடம் தேடிவிட்டுப் போலீசுக்குச் சொல்லிவிடுங்கள்.

இப்போது மாத்திரை. பணப்பையை ஒளிப்பது, கேட்டதையே கேட்பது, வாசலுக்கு நடப்பது, குளிக்க மறுப்பது, இவற்றைக் குறைக்கும் மாத்திரை கிடையாது, தூங்க வைக்கும் மாத்திரைதான் உண்டு. ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின், ஒலான்சபின் வகை மனநோய் மருந்துகளை டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்குத் தந்து பார்த்த 17 ஆய்வுகளை அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. அலசியது. பத்து வார அளவிலான ஆய்வில் மருந்து சாப்பிட்டவர்களில் சுமார் 4.5 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் சுமார் 2.6 சதவீதம். 2005இல் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டார்கள், 2008இல் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கும் அதை நீட்டித்தார்கள். 2023இல் அல்சைமர் படபடப்புக்கு என்றே அங்கே அனுமதி பெற்ற பிரெக்ஸ்பிபிரசோலிலும் அதே எச்சரிக்கை இருக்கிறது. பக்கவாதம், விழுவது, உடம்பு இறுகுவது எல்லாம் தனி.

அதற்காகத் தொடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். தனக்கோ பிறருக்கோ ஆபத்து வரும் அளவுக்கு அடிக்கிறார், இல்லாததைப் பார்த்து நடுங்குகிறார், மற்ற எல்லாம் செய்து பார்த்தாயிற்று என்றால் குறைந்த அளவில், குறிப்பிட்ட காலத்துக்குத் தருவோம். எந்தத் தேதியில் குறைத்துப் பார்ப்போம் என்பதை மருந்து தொடங்கும் அன்றே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். அவர் சின்னக் குழந்தைகளையோ விலங்குகளையோ தெளிவாகப் பார்ப்பதாகச் சொல்கிறார், நடை இறுகிவிட்டது, ஒருநாள் தெளிவு ஒருநாள் குழப்பம் என்று இருக்கிறார் என்றால் மருந்து எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள். அது லூயி பாடி டிமென்ஷியா என்ற வேறொரு வகையாக இருந்தால் ஹாலோபெரிடால் மாதிரி மருந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அல்பிரசோலம், லோரசிபாம் போன்ற தூக்க மாத்திரைகளை யாரோ சொன்னார்கள் என்று வாங்கிக் கொடுக்காதீர்கள், குழப்பமும் விழுவதும் கூடும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும் வரை ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு நடந்தது, அதற்கு அரை மணி முன்பு என்ன நடந்துகொண்டிருந்தது, யார் இருந்தார்கள், எதைச் செய்தபோது அடங்கியது. எல்லாத் தொல்லையையும் வேண்டாம், அடிப்பதை மட்டும் எழுதுங்கள். இரண்டு வாரத்தில் ஒரு ஒழுங்கு தெரியும், பெரும்பாலும் ஒரே நேரம், ஒரே வேலை, சில நேரம் ஒரே ஆள்.

உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். வாரத்தில் மூன்று இரவாவது உங்கள் கணவரோ வேறொருவரோ மாமியார் அறையில் படுக்க வேண்டும், நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். இதை வேண்டுகோளாக வைக்காமல் டாக்டர் சொன்னது என்று சொல்லுங்கள். திருப்பி அடிக்கத் தோன்றும் அளவுக்கு வந்துவிட்டால், அவர் கையில் ஆபத்தானது எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள், மருத்துவரிடம் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இதைக் கேட்டு உங்களைத் தப்பாக நினைக்கும் மருத்துவர் என்றால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.