தீர்ப்புக்குப் பிறகும் அழியக் கூடாத ஆவணங்கள்
(சட்டம்: வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: என் தம்பி ஒரு கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றுச் சிறையில் இருக்கிறான். உயர் நீதிமன்ற மேல்முறையீடும் தள்ளுபடியாகிவிட்டது. அவன் குற்றம் செய்யவில்லை என்று உறுதியாக நம்புகிறோம். வழக்கை நடத்திய வழக்கறிஞர் காலமாகிவிட்டார்; எங்களிடம் தீர்ப்பின் நகல் மட்டுமே இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: அம்மா, நகல் கேட்பதற்கு முன்பே, அழிக்காமல் வைத்திருக்கும்படி கேளுங்கள். வழக்கில் கைப்பற்றப்பட்ட பொருள்களை என்ன செய்வது என்று விசாரணை நீதிமன்றம் தீர்ப்பின்போதே உத்தரவிட்டுவிடும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 452ஆம் பிரிவின்படி, அந்த உத்தரவை இரண்டு மாதங்களுக்கோ, மேல்முறையீடு செய்யப்பட்டிருந்தால் அது முடியும் வரையிலோ பெரும்பாலும் நிறைவேற்றக் கூடாது. இப்போது அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 498ஆம் பிரிவு இருக்கிறது. மேல்முறையீடு முடிந்துவிட்டால் அந்தத் தடை இல்லை. இரத்தக்கறை படிந்த சட்டையும் அரிவாளும் அதன் பிறகு எந்த நாளிலும் அழிக்கப்படலாம். ஆகவே தீர்ப்பின் கடைசிப் பக்கங்களில் சான்றுப் பொருள்களைப் பற்றி என்ன உத்தரவு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அவற்றை அழிக்காமல் வைத்திருக்க உத்தரவிடக் கோரி, வழக்கறிஞர் மூலம் விசாரணை நீதிமன்றத்தில் மனு செய்யுங்கள்; காவல் நிலையத்துக்கும் தடய அறிவியல் ஆய்வகத்துக்கும் அதே கோரிக்கையை, போய்ச் சேர்ந்ததற்கான சான்றுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள்.

அடுத்தது நகல்கள். நீதிமன்றத்தின் வழக்குக் கட்டில் (கோப்பில்) இருப்பவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டு மாதங்களை வீணாக்க வேண்டாம்; அவற்றை நீதிமன்ற விதிகளின்படி நகல் மனு போட்டே பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் கூறிவிட்டது. முதல் தகவல் அறிக்கை, மகஜர்கள் (பொருள்களைக் கைப்பற்றியபோது சாட்சிகள் முன் எழுதிய குறிப்புகள்), சாட்சிகளின் முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும், பிரேதப் பரிசோதனை அறிக்கை, ஆய்வக அறிக்கைகள், பொருள்களை நீதிமன்றத்துக்கு அனுப்பிய படிவம் ஆகியவற்றுக்குச் சான்றொப்பமிட்ட நகல் கேளுங்கள். குறிப்பாக அந்தப் படிவத்தை விட்டுவிடாதீர்கள்: பொருள் கைப்பற்றப்பட்ட நாளுக்கும் அது நீதிமன்றம் வந்து சேர்ந்த நாளுக்கும் இடையே உள்ள விளக்கமில்லாத இடைவெளி, பல வழக்குகளில் ஒரு சாட்சியின் வார்த்தையைவிட அதிகம் பேசுகிறது. மேல்முறையீட்டின்போது கட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும் என்பதால், அது திரும்பி வந்ததா என்பதையும் விசாரியுங்கள்.

காவல்துறையின் பொதுப் பதிவேடுகளையும், ஆய்வகம் பொருள்களைப் பெற்றுத் திருப்பி அனுப்பிய விவரத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் கேட்கலாம். புலன் விசாரணைக்கு இடையூறு என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுத்தால், முடிந்துபோன வழக்கில் என்ன இடையூறு என்று அதே சட்டப்படி செய்யும் முதல் மேல்முறையீட்டில் கேளுங்கள். புலன் விசாரணை அதிகாரி அன்றாடம் எழுதும் வழக்கு நாட்குறிப்பை மட்டும் சட்டம் உங்களுக்குத் தராது. மருத்துவமனையின் உள்நோயாளிப் பதிவுகளை மருத்துவர்கள் மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதே இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் குறைந்தபட்சக் கெடு. ஆகவே காயச் சான்றிதழோ சிகிச்சைக் குறிப்போ முக்கியமென்றால் அதற்கு முதலிடம் கொடுங்கள்.

சிறையில் இருப்பவர் என்பதாலேயே தம்பிக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு வருமானத்தைப் பார்க்காமல் அதைத் தருகிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். காலமான வழக்கறிஞரின் குடும்பத்தாரையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அலுவலகக் கட்டுகள் பழைய காகிதக்காரரிடம் போய்விடும் முன் கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: வழக்கு முடிந்த பிறகும் பழைய பொருள்களைக் காத்து வைப்பதால் உண்மையில் யாருக்காவது விடுதலை கிடைத்திருக்கிறதா?
– வாசகர், திருச்சி

பதில்: கிடைத்திருக்கிறது. இங்கிலாந்தில் ஆண்ட்ரூ மால்கின்சன் என்பவர் பாலியல் வன்முறை வழக்கில் 2004இல் தண்டிக்கப்பட்டுப் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்தார். பாதிக்கப்பட்ட பெண்ணின் உடைகளைக் காவல்துறை அழித்துவிட்டது. ஆனால் அவற்றிலிருந்து எடுத்த மாதிரிகள் தடயவியல் காப்பகம் ஒன்றில் தப்பிக் கிடந்தன. அவற்றின் மரபணு வேறொருவரைச் சுட்டியதால், 2023 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் மேரி ஜேன் பர்ட்டன் என்ற தடய அறிவியல் ஆய்வக ஊழியர், மரபணுச் சோதனை வருவதற்கு முன்பே, தாம் சோதித்த பஞ்சுத் துணுக்குகளின் மிச்சத்தை வழக்குத் தாள்களில் ஒட்டி வைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு அவற்றைச் சோதித்ததில் பத்துக்கும் மேற்பட்டோர் குற்றமற்றவர்கள் என்று தெரியவந்தது. ஓர் ஊழியரின் பழக்கத்தை நம்பி ஒருவரின் ஆயுள் நிற்பது நியாயமல்ல. அதைச் சட்டக் கடமையாக்க வேண்டும்.

நம் நாட்டில் அதற்கு ஒரு தொடக்கம் உண்டு. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்டவரை 2025 ஜூலையில் விடுவித்த உச்ச நீதிமன்றம், மரபணு மாதிரிகளை 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும் என்றும், விசாரணை நீதிமன்ற அனுமதியின்றி முத்திரையை உடைக்கக் கூடாது என்றும், மாதிரி யார் யார் கையில் இருந்தது என்ற பதிவேட்டை வழக்குக் கட்டோடு இணைக்க வேண்டும் என்றும் நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. ஆனால் அந்தப் பதிவேடு தண்டனை அல்லது விடுதலையோடு முடிகிறது. தண்டிக்கப்பட்டவர் சிறையில் இருக்கும் காலம் முழுவதும் பொருளும் பதிவேடும் இருக்க வேண்டும் என்ற விதியும் தேவை என்பதே என் கருத்து.

கேள்வி: தவறான தண்டனைகளை மறு ஆய்வு செய்யத் தனி ஆணையம் இந்தியாவில் உண்டா?
– வாசகர், வேலூர்

பதில்: இல்லை. இங்கிலாந்தில் 1997 முதல் இயங்கும் குற்ற வழக்குகள் மறு ஆய்வு ஆணையத்துக்கு, எந்த அரசு அமைப்பிடமிருந்தும் ஆவணத்தைப் பெறவும், அதை அழிக்கக் கூடாது என்று உத்தரவிடவும் அதிகாரம் உண்டு. இங்கே மேல்முறையீடு முடிந்தபின் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு (மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்பது), சீராய்வு மனு (அதன் தீர்ப்பை மறுபடி பார்க்கக் கேட்பது), குறைதீர் மனு (சீராய்வும் தள்ளுபடியான பின் கடைசியாகச் செய்வது) ஆகியவையும், ஆளுநரிடமும் குடியரசுத் தலைவரிடமும் செய்யும் கருணை மனுக்களுமே எஞ்சியிருக்கின்றன. இவற்றில் எதற்கும் ஆவணங்களைத் தேடித் தொகுத்துத் தரும் வேலையைக் குடும்பமும் வழக்கறிஞருமே செய்ய வேண்டியிருக்கிறது.