அண்ணாவியாருக்கு எத்தனை வரி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

'மனமே' என்ற சிங்கள நாடகம் பற்றிய கட்டுரையில் "இலங்கையின் நவீன நாடகம் 1956இல் பிறந்தது" என்று எழுதியிருந்தீர்கள். எந்த இலங்கை? என் அம்மப்பா மட்டக்களப்பில் அண்ணாவியார். அவர் பழக்கிய கூத்துகள் இந்த நாட்டில் நடக்கவில்லையா? இலங்கை நாடக வரலாறு என்று எதைப் பிரித்தாலும் சிங்கள நாடகம்தான் இருக்கிறது. தமிழுக்குக் கடைசியில் இரண்டு பக்கம். இது திட்டமிட்ட மறைப்புத்தானே?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வரி என் தவறு. 'சிங்கள நாடகத்தின் பெரிய திருப்பம்' என்று எழுதியிருக்க வேண்டும். சோம்பலில் நாட்டின் பெயரைப் போட்டுவிட்டேன். பல வரலாறுகளில் நடப்பதும் இதே சோம்பல்தான் என்று நினைக்கிறேன். சதி என்றால் யாராவது உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டுமே.

மனமே முதலில் மேடையேறியது 1956 நவம்பர் 3, கொழும்பு லயனல் வென்ட் அரங்கில். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்து சில மாதங்கள்தான். எங்களுக்கென்று ஒரு நாடகம் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்த சிங்களவர்கள் கையில் அது வந்து விழுந்தது. ஆனால் அதை எழுதி இயக்கிய பேராசிரியர் சரச்சந்திர அதைக் கட்டியது 'நாடகம' என்ற சிங்களக் கூத்து மரபின் மேல். பெயரே நம்முடையது, கொட்டுவதும் மத்தளம். கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் தமிழ்க் கூத்திலிருந்து சிங்களத்துக்குப் போனது அது. இதை அவர் மறைக்கவே இல்லை, தன் ஆய்வு நூலில் எழுதியிருக்கிறார். முதலில் வந்தபோது 'சிங்கள' என்றிருந்த அந்த நூலின் தலைப்பு, 1966 பதிப்பில் 'இலங்கையின் நாட்டார் நாடகம்' என்று மாறியது. ஒரு நூலைப் பத்து பக்கமாகச் சுருக்கும்போது முதலில் உதிர்வது இந்த மாதிரிப் பத்திகள்தான்.

சரி, நம் பக்கம் எப்படி? பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று மேடையேற்றினார். சுற்றிலும் இருந்து பார்க்கும் வட்டக்களரியில் விடிய விடிய நடந்த கூத்து, சுருங்கி, ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடைக்கு வந்தது. பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நாம் எழுதும் வரலாற்றில் அதற்குப் பெயர் 'மீட்டெடுப்பு'. மட்டக்களப்பில் கூத்து தொலைந்தால்தானே மீட்பதற்கு! வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் மாணவர்களுக்கு ஆட்டம் பழக்காவிட்டால் எந்த இராவணன் மேடைக்கு வந்திருப்பான்? மனமேக்கும் ஓர் அண்ணாவியார் இருந்தார், சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே. பேராசிரியர்கள் இருவருக்கும் அத்தியாயம் கிடைத்தது. பழக்கிய இருவருக்கும் நன்றியுரையில் ஒரு வரி. இந்தக் கணக்கில் மட்டும் இரண்டு மொழியும் ஒற்றுமை. (இதைச் சொன்னதற்கு இரு பக்கத்திலிருந்தும் திட்டு வரும், வரட்டும்.)

இதற்குப் பாதிக் காரணம் காகிதம். 'அலங்காரரூபன்', 'மூவிராசர்' போன்ற கூத்துகளை வித்தியானந்தன் அச்சில் கொண்டுவந்தார். பாட்டு வந்தது, ஆட்டம் வரவில்லை. வரவுப் பாட்டைப் புத்தகத்தில் படிக்கலாம். அரசன் வரும்போது ஒரு தாளக்கட்டு, பெண்பாத்திரம் வரும்போது வேறொன்று. அதை எந்தப் பக்கத்தில் கேட்பது? அது அண்ணாவியாரின் வாயிலும் மத்தளக்காரரின் விரலிலும் இருந்தது. பிறகு வந்த ஆய்வாளர் கையில் கிடைத்தது புத்தகம், அதனால் கூத்தை இலக்கியமாக எழுதிவிட்டுப் போனார்.

உங்கள் அம்மப்பா கொப்பி ஏதும் வைத்திருந்தாரா? பாட்டுக்குப் பக்கத்தில் தாளக்கட்டைக் குறித்து வைத்திருக்கக்கூடும். பரணில் இருந்தால் கறையான் முந்துவதற்குள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புங்கள், வெற்றுப் பக்கங்களையும் சேர்த்து. அப்புறம், அவரிடம் ஆடியவர்கள் யாராவது ஊரில் இருந்தால் போனில் பதிந்துகொள்ளுங்கள். பாட்டைக் கேட்க வேண்டாம், தாளத்தைச் சொல்லச் சொல்லுங்கள்.

கட்டுரையில் அந்த வரியை இன்று மாற்றிவிட்டேன்.