வாசகர் கேள்வி பதில்: வாசலில் விழுந்த பனி யார் பொறுப்பு?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பனியைப் பற்றியவை. பதினொரு குளிர்காலம் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் நடைபாதைப் பனி தள்ளும் சின்ன வண்டி ஓட்டியவன் என்பதால் ஆசிரியர் கடிதக் கட்டை என்னிடமே தந்துவிட்டார். அவற்றில் நான்கை எடுத்துக்கொண்டேன்.

அண்ணா, ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரு பேஸ்மென்டில் நானும் இரண்டு பிள்ளைகளும் வாடகைக்கு இருக்கிறோம். எனக்கு இரவு வேலை. விடிய வந்து பார்த்தால் இறங்கும் படி தெரியாத அளவுக்குப் பனி மூடியிருக்கும். வீட்டுக்காரரைக் கேட்டால், "பனி அள்ளுவது வாடகைக்காரர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுத்தானே வந்தீர்கள்?" என்கிறார். நான்தான் அள்ள வேண்டுமா?

இல்லை, தங்கச்சி. கையெழுத்துப் போட்டிருந்தாலும் இல்லை. நம் ஒன்ராறியோ மாகாணத்தில் வாடகை வீட்டின் படி, பாதை, ட்ரைவ்வே (கார் விடும் பாதை) எல்லாவற்றையும் ஆபத்தில்லாமல் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை. வாடகைச் சட்டத்துக்கு முரணான வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த வரி செல்லாது.

உங்களுடையதைப் போன்ற வழக்கு ஒன்று ஏற்கெனவே நடந்திருக்கிறது. பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்த ஒருவர் வெளியே பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தார். அவருடைய ஒப்பந்தத்திலும் இதே வரி இருந்தது. 2009-இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம், அந்த வரியைக் காட்டி உரிமையாளர் தன் கடமையிலிருந்து கழன்றுகொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. வழக்கின் பெயர் மொன்ட்கோமரி எதிர் வான். வாடகைக்காரரே பனி அள்ள வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஓர் உடன்பாடு வேண்டும், செய்கிற வேலைக்கு ஈடாக ஏதாவது கிடைக்கவும் வேண்டும். வாடகை ஒப்பந்தத்துக்குள் ஒரு வரியைச் செருகினால் போதாது.

இனி வீட்டுக்காரரோடு வாயால் பேசி நிறுத்திவிடாதீர்கள். திகதியும் நேரமும் போட்டு, படியின் படத்தோடு குறுஞ்செய்தி அனுப்புங்கள். இரண்டு மூன்று தடவை அனுப்பியும் அசையாவிட்டால் மாநகரசபையின் 311 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்து முறையிடலாம். வாடகை விவகாரங்களை விசாரிக்கும் சபையில் டி6 என்ற படிவத்தில் பராமரிப்புக் குறை பற்றி விண்ணப்பிக்கவும் முடியும். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற அவசரத்தில் நீங்களே ஒரு நாள் அள்ளிவிட்டால் உரிமை போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், போகாது.

இதை மட்டும் எழுதி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்: அந்தப் படியில் யாராவது விழுந்து காயப்பட்டால், எங்கே, எப்போது விழுந்தார் என்ற விபரத்தோடு 60 நாட்களுக்குள் உரிமையாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். 2021 ஜனவரி 29 முதல் நடைமுறையில் உள்ள விதி இது. வலி பொறுத்துக்கொண்டு இருந்துவிட்டு மூன்று மாதம் கழித்து எழுந்து வருகிறவர்கள் நம் ஆட்களில் அதிகம்.

சொந்த வீடு. முன்னால் உள்ள நடைபாதையை மாநகரசபை வண்டி வந்து தள்ளுகிறது. அங்கே யாராவது விழுந்தால் என்மேல் வழக்கு வருமா? "நீ உப்புப் போடாதே, போட்டால் பொறுப்பு உன் தலையில் விழும்" என்கிறார் நண்பர்.

உங்கள் நண்பர் சொல்வதைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் மனம் நோகும். அந்தப் பாதையில் நடக்கிறவர்கள் கார் இல்லாதவர்கள், பேருந்துக்குப் போகிற அம்மாமார், தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிறவர்கள். நடைபாதை மாநகரசபையின் நிலம். ஒரு பிடி உப்புப் போட்டதால் மட்டும் அது உங்களுடையதாகிவிடாது.

முன்பு ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ பகுதிகளில் வண்டி வரும், பழைய ரொறன்ரோவின் ஒடுக்கமான தெருக்களில் வீட்டுக்காரர்களே அள்ளுவார்கள். 2021-22 குளிர்காலத்திலிருந்து, வண்டி நுழையக்கூடிய எல்லா நடைபாதைகளையும் மாநகரசபையே எடுத்துக்கொண்டது. வண்டி போக முடியாத இடத்தில், பனி நின்று 12 மணி நேரத்துக்குள் அந்த வீட்டில் இருப்பவர் துப்பரவாக்க வேண்டும்.

வழக்கைப் பற்றிக் கேட்டீர்கள். 2000-ஆம் ஆண்டு பொஞ்சார்டினா வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதுதான்: நடைபாதைப் பனியை அள்ளச் சொல்லும் நகர விதி இருக்கிறது என்பதற்காக மட்டும், அங்கே விழுந்தவருக்கு வீட்டுக்காரர் நட்டஈடு கொடுக்க வேண்டியதில்லை. இதற்கு விலக்குகள் இரண்டு. கடைக்காரர் ஒருவர் சாமான்களை நடைபாதையில் பரப்பி அந்த இடத்தைத் தன் கடையாகவே ஆண்டால் பொறுப்பும் அவரைச் சேரும். மற்றது, உங்கள் காணியிலிருந்து ஆபத்து ஒன்று நடைபாதைக்கு இறங்குவது.

அந்த இரண்டாவதை நான் என் வீட்டு வாசலில் கண்டேன். நாங்கள் வாங்கிய முதல் வீட்டில் கூரைத் தண்ணீர்க் குழாயின் வாய் நடைபாதையைப் பார்த்து இருந்தது. கோடையில் அது கண்ணில் படவே இல்லை. ஜனவரியில் பகல் வெயிலுக்குக் கூரைப் பனி கரைந்து வடிய, இரவில் அது நடைபாதைக்குக் குறுக்கே கண்ணாடி போல் உறைந்தது. வேலைக்குப் போகும் வழியில் எத்தனையோ தெருக்களுக்கு உப்புத் தூவியவன் என் வாசலைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு முதியவர் காலைப் பேருந்துக்கு நடந்தபோது விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்ட கையோடு அவரே வந்து, "தம்பி, அந்தக் குழாயைத் திருப்பிவிடு" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. அன்றே ஒரு வளைவுத் துண்டு வாங்கிப் புல் பக்கம் திருப்பினேன். அரை மணி நேர வேலை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நித்திரை வராது.

ஆகவே நண்பர் பேச்சை விட்டுவிட்டு, இன்று வெளியே போய் உங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கே வடிகிறது என்று பாருங்கள். கூரை விளிம்பில் நடைபாதைக்கு மேலாகத் தொங்கும் பனிக்கட்டி இருந்தால் அதையும் கவனியுங்கள்.

விழுந்தவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாநகரசபை நடைபாதையில் விழுந்தால் எழுத்தில் அறிவிக்க 10 நாட்கள்தான் உண்டு, தனியார் காணிக்குரிய 60 அல்ல. அதோடு, பாரதூரமான கவனக்குறைவு என்று காட்டினால்தான் மாநகரசபையிடம் நட்டஈடு கேட்க முடியும்.

ட்ரைவ்வேயில் அள்ளிய பனியைத் தெருவுக்கு அப்பால் தள்ளலாமா? எல்லோரும் செய்கிறார்கள்.

கூடாது. தெருவிலும் நடைபாதையிலும் போடுவது விதிப்படி தவறு. நீங்கள் தெருவில் தள்ளியதைப் பெரிய வண்டி அள்ளி வந்து அடுத்த வீட்டு வாசலில் வரம்பாகக் குவித்துவிட்டுப் போகும். உங்கள் புல்தரையில் போடுங்கள். தீயணைப்புத் தண்ணீர்க் குழாயைப் புதைத்துவிடாதீர்கள்.

எனக்கு 68 வயது, பைபாஸ் செய்தவன். மைனஸ் 20-இல் வாளி வாளியாக உப்புக் கொட்டியும் பனிக்கட்டி அசையவில்லை. உப்பில் கலப்படமா?

உப்பில் குற்றமில்லை, ஐயா. சாதாரணக் கல் உப்பு மைனஸ் 10-க்குக் கீழே போனால் தளர்ந்துவிடும். மைனஸ் 21-க்கு அப்பால் எவ்வளவு கொட்டினாலும் பனிக்கட்டியைக் கரைக்காது. அந்தக் குளிரில் மணலைத் தூவுங்கள். அது கரைக்காது, ஆனால் கால் வழுக்காமல் பிடிக்கும். கல்சியம் குளோரைட் இன்னும் கீழே வேலை செய்யும். எதுவானாலும் பனியை அள்ளிய பிறகுதான் போட வேண்டும். நடைபாதைக் கட்டம் பத்துக்கு ஒரு கோப்பிக் கோப்பை அளவு உப்புப் போதும். வாளிக் கணக்கில் கொட்டியது புல்லைக் கருக்கி, சீமெந்தைத் தின்று, கடைசியில் ஏரியில் போய்ச் சேரும்.

உப்பை விட எனக்குக் கவலை உங்கள் நெஞ்சுதான். குளிரில் இரத்தக்குழாய் சுருங்கும், இரத்த அழுத்தம் ஏறும், அந்த நேரத்தில் ஈரப் பனியைத் தூக்கினால் இதயம் தாங்க வேண்டிய பாரம் மிக அதிகம். தெருவில் வண்டி வராவிட்டால், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மாநகரசபை நடைபாதையைத் துப்பரவாக்கித் தரும் ஏற்பாடு இருக்கிறது. 311-க்கு அழைத்துப் பதியுங்கள். ட்ரைவ்வேக்கு அக்கம் பக்கத்துப் பொடியன் ஒருவனைப் பிடியுங்கள். இதய மருத்துவரைக் கேட்காமல் நீங்கள் ஷவலைத் தொட வேண்டாம், ஐயா.